அம்மாவின் இடுப்பும் என் பதற்றமும்

அன்புள்ள ரவி,

அப்பா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷனும் முடிந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் போன வருஷம் அம்மாவுக்கும் இதே மாதிரி ஆனதுதான் ஞாபகம் வந்தது. எலும்பைப் பற்றி டாக்டர் எல்லாம் சொல்லியிருப்பார், நான் மற்றதை எழுதுகிறேன்.

ராத்திரியில் அவர் சம்பந்தமில்லாமல் பேசினால் ஆடிப்போகாதே. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் அம்மா என்னைத் தன் தம்பி என்று நினைத்து, ரயிலுக்கு நேரமாச்சு, செருப்பை எடு என்றார். புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். இதற்கு டெலிரியம் என்று பெயர், இந்த வயதில் இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நிறையப் பேருக்கு வரும் என்றார் நர்ஸ். வலி, தூக்கமின்மை, தொற்று, மருந்து, ஏன், மலச்சிக்கல்கூடக் கிளப்பிவிடுமாம். கண் சரியாகத் தெரியாமல், காது கேட்காமல் இருந்தாலும் குழப்பம் கூடுமாம், அம்மாவின் கண்ணாடியும் காது மெஷினும் எங்கே என்று நர்ஸ் கேட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் பையில் பூட்டி வைத்திருந்தேன்! சிலர் பிதற்றாமல் சும்மா சுருண்டு கிடப்பார்கள், அதுவும் இதுவாக இருக்கலாம், அசதி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்.

ஆனால் எங்களைப் படுத்தி எடுத்தது பயம்தான். ஆஸ்பத்திரியில் மறுநாளே நிற்க வைத்தார்கள், நின்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. பாத்ரூமுக்கு நடக்க வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார், தலைமாட்டில் வைத்த தண்ணீர் அப்படியே இருப்பதை நான் கவனிக்கவே பத்து நாள் ஆயிற்று. பயந்து நடக்காமல் இருந்தால் கால் சதை வற்றும், வற்றினால் மறுபடி விழத்தான் வாய்ப்பு அதிகம் என்று எத்தனை முறை சொல்லியும் ஏறவில்லை. நானும் கெடுத்தேன், அவர் எழுந்தாலே "பார்த்து, பார்த்து" என்று ஓடுவேன். பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் என்னை அறையைவிட்டு வெளியே அனுப்பினார். கதவிடுக்கில் பார்த்தேன், அம்மா வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். மறுநாள் அவராகவே "இன்னிக்கு வாசல் வரைக்கும்" என்றார்.

அப்புறம், சாப்பாடு, பேச்சு, பேப்பர் எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் வயசாயிடுச்சு என்று தள்ளிவிடாதே, மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது.

அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். பழைய நடை வரவில்லை, நிறையப் பேருக்கு வருவதில்லை, அதை அவரிடம் சொன்னால் எனக்குத்தான் திட்டு விழும்.

சரி, அப்பாவின் கண்ணாடி எங்கே என்று முதலில் பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்