ராப்டர்ஸ் மேல் பந்தயம் வைக்கப்போகும் மகனுக்கு

ஸ்காபரோ,
2024 ஒக்ரோபர் 6.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். போன ஞாயிறு தொலைபேசியில் பேசும்போது, வேலைத்தலத்து நண்பர்களோடு சேர்ந்து இந்தப் பருவகாலம் நம் ரொறன்ரோக் கூடைப்பந்து அணி ராப்டர்ஸ் மேல் பந்தயம் வைக்கப்போவதாகவும், அதன் நெளிவுசுளிவு ஒன்றும் விளங்கவில்லை என்றும் சொன்னாய். அம்மா பக்கத்தில் இருந்தபடியால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். இருபத்தாறு வயதுப் பிள்ளையைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை; ஒன்ராறியோவில் பத்தொன்பது வயது நிரம்பிய எவரும் சட்டப்படி செய்யக்கூடிய காரியம் அது. ஆனால் பந்தயச் செயலி சொல்லித் தருவதற்கு முன்னர் நான் சொல்லித் தந்துவிட விரும்புகிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னரே தொடங்கி, பதினொரு வருடம் ஒரு கொன்வீனியன்ஸ் கடையின் காசு மேசைக்குப் பின்னால் நின்று புரோலைன் என்ற மாகாண விளையாட்டுப் பந்தயச் சீட்டு விற்றவன் நான். வென்றவர்கள் உள்ளே வந்து சீட்டை உயர்த்திக் காட்டுவார்கள், நின்று கதைப்பார்கள். தோற்றவர்கள் கசக்கி, வாசலுக்கு வெளியே இருந்த தொட்டியில் போட்டுவிட்டுப் பேசாமல் போவார்கள். இரவு கடை பூட்டும்போது அந்தத் தொட்டியைக் கொட்டுவது என் வேலை என்பதால், கடைக்குள் கேட்ட கதைக்கும் வெளியே நான் கூட்டி அள்ளிய குப்பைக்கும் இருந்த தூரம் எனக்குத் தெரியும். ஒரு குளிர்காலம் நானும் கிழமைக்குப் பத்து டொலர் ஹொக்கிச் சீட்டில் வைத்தேன். இருபத்திரண்டு கிழமையில் போனது 220 டொலர், திரும்பி வந்தது 84. அதை எழுதிவைத்த கொப்பி இன்னும் நிலக்கீழறை அலமாரியில் கிடக்கிறது, அம்மாவுக்குத் தெரியாது.

அந்நாளில் தனியொரு ஆட்டத்தின் மேல் பந்தயம் வைக்கக் கனடாவின் குற்றவியற் சட்டம் இடங்கொடுக்கவில்லை. பல ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்துத்தான் வைக்கலாம். ரொறன்ரோவுக்கு ஓர் அணியைத் தருவதென்றால் புரோலைன் சீட்டிலிருந்து தன் ஆட்டங்களை நீக்கியே ஆகவேண்டும் என்று என்.பி.ஏ. என்னும் கூடைப்பந்துச் சங்கம் பிடிவாதமாக நின்று, மாகாண அரசு 1994இல் அதற்கு இணங்கிய பின்னர்தான் 1995இல் ராப்டர்ஸ் களம் இறங்கியது. சூதின் நிழல் தன் ஆட்டத்தின் மேல் விழக்கூடாது என்று அன்று அவ்வளவு கண்டிப்பாக இருந்த அதே சங்கத்தின் ஆணையாளர் ஆடம் சில்வர், இருபது வருடம் கழித்து, 2014இல், நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கி ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எழுதினார். இங்கே 2021 ஓகஸ்ட் 27இல் தனி ஆட்டப் பந்தயம் சட்டத்துக்கு உட்பட்டது. 2022 ஏப்ரல் 4இல் ஒன்ராறியோ தனியார் கம்பனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இன்று ஆட்டத்தின் நடுவே எத்தனை பந்தய விளம்பரம் வருகிறது என்று நீயே எண்ணிப் பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செயலியில் அணியின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணை ஆட்ஸ் என்பார்கள். நீ அதை விலை என்று வாசித்துப் பழகு. இம்மாதம் 23ஆம் திகதி ராப்டர்ஸ் இங்கே கிளீவ்லாந்து கவலியர்ஸோடு முதலாட்டம் ஆடுகிறது. உதாரணத்துக்கு, ராப்டர்ஸ் வெல்வதற்கு 3.20, கவலியர்ஸ் வெல்வதற்கு 1.38 என்று போட்டிருக்கிறார்கள் என வைத்துக்கொள். ராப்டர்ஸ் மேல் பத்து டொலர் வைத்து வென்றால், உன் பத்தையும் சேர்த்து 32 டொலர் கைக்கு வரும். நூறை அந்த எண்ணால் பிரித்தால், அந்த விலை எத்தனை வீத வாய்ப்பைக் குறிக்கிறது என்று தெரியும்: ராப்டர்ஸுக்கு 31.25, கவலியர்ஸுக்கு 72.46. இரண்டையும் கூட்டிப் பார், 103.7 வருகிறது. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்குமாக நூறு வீதத்துக்கு மேல் இருக்க வழியில்லை. அந்த மேலதிகமான 3.7தான் கம்பனியின் பங்கு. சீட்டுப் பிடிப்பவர் தன் கழிவை முதலிலேயே எடுத்துக்கொள்வதைப் போல, பந்து மேலே எறியப்படுவதற்கு முன்னரே அது எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஆகவே நீ உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி, ராப்டர்ஸ் வெல்லுமா என்பதன்று. நூறு தடவை இதே ஆட்டம் நடந்தால் முப்பத்தொரு தடவைக்கு மேல் ராப்டர்ஸ் வெல்லும் என்று நம்ப உனக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதே கேள்வி. நாற்பது தடவை வெல்லும் என்று நீ சரியாகக் கணித்திருந்தால், தோற்கப்போகும் அணியின் மேல் பணம் வைத்ததும் நல்ல பந்தயமே. 2018-19 பருவத்தில் 58 ஆட்டம் வென்று கிண்ணத்தையும் தூக்கிய அணி, போன பருவத்தில் 25 ஆட்டம்தான் வென்றது; ஆனால் முன்னதன் மேல் பந்தயம் வைத்தவர்கள் எல்லோரும் இலாபம் கண்டார்கள் என்றோ பின்னதன் மேல் வைத்தவர்கள் எல்லோரும் நட்டப்பட்டார்கள் என்றோ நினைத்துவிடாதே. அணி நல்லது என்பது உலகத்துக்கே தெரிந்தால், அது விலையிலும் ஏறியிருக்கும்.

கூடைப்பந்தில் அதிகம் புழங்குவது ஸ்பிரெட் எனப்படும் புள்ளி விட்டுக்கொடுப்பு. பலமான அணி இத்தனை புள்ளி விட்டுக்கொடுத்துத் தொடங்குவதாகக் கணக்கு. ராப்டர்ஸுக்கு +7.5 என்று இருந்தால், அவர்கள் ஏழு புள்ளியால் தோற்றாலும் உன் பந்தயம் வென்றதாகும். சமனாக முடியாமல் இருக்கவே அந்த அரைப் புள்ளி. 2019 மே 12ஆம் திகதி நிலக்கீழறையில் நீயும் நானும் அம்மாவும் இருந்து பார்த்த பிலடெல்பியா ஆட்டத்தை நினைத்துப் பார். நம் அணியின் கவாய் லெனர்ட் மூலையில் இருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்தபோது, நீ சோபாவின் மேல் ஏறி நின்றாய். அம்மாவின் தேநீர் கம்பளத்தில் கொட்டுண்டது, அந்தக் கறை இன்னும் இருக்கிறது. 92க்கு 90. அன்று ஒருவர் ஆறரைப் புள்ளி விட்டுக்கொடுத்து ராப்டர்ஸ் மேல் பணம் வைத்திருந்தால், ஊரே கொண்டாடிய அந்த இரவில் அவருடைய பணம் போயிருக்கும். அணி வெல்வதும் பந்தயம் வெல்வதும் வேறுவேறு என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

கடைசி இரண்டு நிமிடங்களைப் பற்றி ஒரு சொல். ஆட்டம் கைவிட்டுப் போன அணி, நேரத்தை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். எதிரணி தண்டனை எறிதலில் புள்ளி சேர்க்கும். வித்தியாசம் ஐந்திலிருந்து ஒன்பதாகும். அல்லது முன்னணி வீரர்கள் வாங்கில் அமர்ந்துவிட்ட பிறகு, எவரும் மறிக்காத ஒரு பையன் மூன்று புள்ளி எறிதலைப் போடுவான், ஒன்பது ஆறாகும். வெற்றி தோல்வியைத் தொடாத அந்த எறிதல் உன் ஸ்பிரெட்டைத் தின்றுவிடும். அதற்காகக் கோபப்பட்டு அடுத்த ஆட்டத்தில் இரட்டிப்பாக வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிரெட்டில் இரு பக்கமும் வழக்கமாக 1.91 விலை இருக்கும். பத்துப் பத்து டொலராக நூறு பந்தயம் வைத்து, சரிபாதி வென்றால், 1,000 டொலர் போய் 955 திரும்பும். போட்ட பணம் குறையாமல் திரும்பவே நூறில் ஏறத்தாழ ஐம்பத்திரண்டரை வெல்ல வேண்டும். அது சிறிய எண்ணாகத் தோன்றும். வருடக்கணக்கில் அதைத் தாண்டி நிற்பவர்கள் மிகச் சிலர், அப்படி நிற்கத் தொடங்கியவர்களுக்குப் பந்தயத் தொகையைக் குறைத்துவிடும் கம்பனிகளும் உண்டு. இரு அணிகளும் சேர்த்து எடுக்கும் புள்ளி குறித்த எண்ணுக்கு மேலா கீழா என்று வைப்பது ஓவர் அண்டர். கணக்கு இதே கணக்குத்தான்.

பார்லே என்று பல பந்தயங்களைக் கோப்பது, நான் விற்ற புரோலைன் சீட்டின் பேரப்பிள்ளை. நாணயம் சுண்டுவதற்கு ஒப்பான நான்கு பந்தயங்களைக் கோத்தால், நியாயமான விலை 16, ஆனால் 1.91ஐ நான்கு தடவை பெருக்கினால் 13.3தான் வரும். தனிப் பந்தயத்தில் நாலரை வீதமாக இருந்த கம்பனியின் பங்கு, இங்கே பதினேழு வீதமாகிவிடுகிறது. செயலி உன்னை எந்தப் பொத்தானை அமத்தச் சொல்லி மினுங்குகிறது என்று பார்த்தால், காரணம் விளங்கும்.

அடுத்தது புரொப் பந்தயம்: இன்ன வீரர் இத்தனை புள்ளி எடுப்பாரா, இத்தனை தடவை பந்தைப் பறிப்பாரா என்று தனியாள் மேல் வைப்பது. இதை நான் அறவே விரும்பவில்லை, காரணம் நம் அணியிலேயே நடந்தது. இந்த வருடம் மார்ச் 20இல் சக்ரமெண்டோ கிங்ஸோடு நடந்த ஆட்டத்தில், ராப்டர்ஸின் ஜோன்ரே போர்ட்டர் மூன்று நிமிடம்போல் ஆடிவிட்டு, உடம்பு சரியில்லை என்று வெளியேறினார். அவர் குறைவாகவே எடுப்பார் என்று 80,000 டொலர் வைத்து, 11 இலட்சம் டொலர் வெல்லக்கூடிய ஒரு பார்லேயை ஒருவர் முன்னதாகவே போட்டிருந்தார். கம்பனி சந்தேகப்பட்டு அந்தப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்தியது. ஏப்ரல் 17இல் என்.பி.ஏ. போர்ட்டருக்கு வாழ்நாள் தடை விதித்தது; ஜூலையில் புரூக்ளின் நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதாட்டக் கடனில் இருந்து மீள்வதற்காகவே அப்படிச் செய்தார் என்பது அங்கு வெளிவந்தது. வாங்கில் இருந்து வரும், நீ நானெல்லாம் பெயரைக்கூடச் சரியாகக் கவனிக்காத ஒரு வீரரின் ஓர் இரவுக் கணக்கை, ஒருவரே தன் விருப்பத்துக்கு முறிக்க முடியும். அணியின் முழு ஆட்டத்தை அவ்வாறு முறிப்பது அவ்வளவு இலகுவன்று.

விலையைச் சரிபார்க்க எதைப் பார்ப்பது என்று கேட்பாய். முதலில் அட்டவணை. 82 ஆட்டங்களை ஆறு மாதத்துக்குள் திணிப்பதால், நேற்று இரவு வேறொரு நகரத்தில் ஆடிவிட்டு இன்று களைத்து வந்து இறங்கும் அணிகள் உண்டு. பிறகு காயப் பட்டியல்: அணிகள் முதல் நாள் மாலை 5 மணிக்குள், அடுத்தடுத்த நாள் ஆட்டமென்றால் அன்றே பிற்பகல் 1 மணிக்குள் அதை அறிவிக்க வேண்டும் என்பது விதி. நம் முன்னணி வீரர் ஸ்கொட்டி பார்ன்ஸ் ஆடவில்லை என்று தெரிந்த கணமே விலை மாறிவிடும்; ஆகவே பழைய செய்தியை வைத்துக்கொண்டு புதிய விலையில் வாங்காதே. போன பருவத்தின் நடுவிலேயே முக்கிய வீரர்களான அனுனோபியையும் சியாக்கமையும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதால், ஜனவரிக்கு முந்தைய கணக்குகளைப் பார்த்து இந்த அணியை எடைபோடுவதிலும் பயனில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வைக்கும் பந்தயத்தைத் தொடவே வேண்டாம். தொலைக்காட்சிப் படம் உன்னிடம் வரும் முன்னர் தரவு அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒன்று எனக்கு உறுத்துகிறது. நீ ராப்டர்ஸின் விலையைப் பார்க்கத் தக்கவனா, தம்பி? கவலியர்ஸ் விலை நன்றாக இருக்கிறது என்று கண்டால், அவர்கள் மேல் பணம் வைத்துவிட்டு இருந்து ஆட்டம் பார்க்க உன்னால் முடியுமா? என்னால் முடியாது. அப்படி முடியாதவர், இரு பக்கம் உள்ள கடையில் ஒரு பக்கத்துச் சாமானை மட்டும் எந்த விலைக்கும் வாங்குகிறவர். வைத்தே தீருவதென்றால், நாம் பற்று வைக்காத இரு அணிகளின் ஆட்டத்தில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பணத்துக்கு வருகிறேன். பருவம் முழுவதற்கும் 200 டொலர், அது போனாலும் வாடகையைத் தொடாத 200 டொலர் என்று பிரித்துவை. ஒரு பந்தயத்துக்கு 4 டொலருக்கு மேல் வேண்டாம். கடனட்டையால் கட்டாதே, பல வங்கிகள் அதை ரொக்க முற்பணமாகக் கணக்கிட்டு அன்றிலிருந்தே வட்டி போடும். கணக்குத் திறந்த முதல் நாளே, ஒரு பந்தயமும் வைப்பதற்கு முன்னர், மாத வைப்பு எல்லையை நீயே குறித்துவிடு. உன் நண்பர்களில் எவராவது தோற்ற தொகையை மறைக்கத் தொடங்கினால், கொனெக்ஸ் ஒன்ராறியோ என்று இலவசத் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எந்நேரமும் எடுப்பார்கள். அதை அவருக்குச் சொல்.

நன்றி நவிலல் விடுமுறைக்கு வரும்போது அந்தக் கொப்பியை எடுத்துவைக்கிறேன். பாதிக்கு மேல் வெறும் பக்கம்தான். தண்டர் பேக்குக் கொண்டுபோய், முதல் பத்து ஆட்டத்துக்கு ஒரு சதமும் வைக்காமல், ஆட்டத்துக்கு முன்னர் விலையையும், உன் கணிப்பு எத்தனை வீதம் என்பதையும் பேனையால் எழுது, பென்சிலால் வேண்டாம். 23ஆம் திகதி நானும் இங்கே ஒரு கடதாசியில் எழுதிவைக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அழை, ஒப்பிட்டுப் பார்ப்போம். அம்மா பத்து மணிக்கே படுத்துவிடுவார்.

அன்புடன்,
அப்பா