ஆபரேஷன் தியேட்டரில் மற்றவர்கள் பேசட்டும்: அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறுவை சிகிச்சை நிபுணர்களே, வணக்கம்.

நான் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவன். மானிட்டர், வென்டிலேட்டர், டயதெர்மி (மின்சாரத்தால் சதையை வெட்டி, ரத்தக் கசிவை நிறுத்தும் கருவி) என்று எது மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும். அதனால் உங்களில் பலரை நான் கோபத்தில் இருக்கும்போது மட்டுமே பார்த்திருக்கிறேன். இதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு நாள் டயதெர்மி வேலை செய்யவில்லை என்று அவசரமாக அழைத்தார்கள். உடை மாற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். பெடலை மிதித்தால் மின்சாரம் வரவில்லை, அலாரம்தான் அடிக்கிறது. "இந்தக் குப்பையை யார் வாங்கினது?" என்று சர்ஜன் கத்திக்கொண்டிருந்தார். மெஷின் முகப்பில் பிளேட் விளக்கு சிவப்பாக எரிந்தது. பிளேட் என்பது உடம்புக்குள் போன மின்சாரத்தை மெஷினுக்குத் திருப்பி அனுப்ப ஒட்டும் தகடு. நோயாளியின் தொடையில் ஒட்டியிருந்த பிளேட் ஓரத்தில் பெயர்ந்துவிட்டிருந்தது. பாதி ஒட்டிய பிளேட் வழியாக மின்சாரம் போனால் அந்த இடத்தில் தோல் வெந்துவிடும். அது நடக்காமல் இருக்கத்தான் மெஷின் தானாகவே நின்றுவிட்டது. புதுப் பிளேட் ஒட்டினோம், வேலை தொடர்ந்தது. வெளியே வந்ததும் நர்ஸ் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அப்பவே தெரியும் அண்ணா. சொன்னா இன்னும் நாலு திட்டு சேர்த்து விழும்."

திட்டு எங்களுக்குப் பழகிப்போன விஷயம். விடை தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டு நின்றாரே, என் கவலை அதைப் பற்றித்தான்.

என் தொழிலில் தலைக்கனம் ரொம்ப நாள் தாங்காது. மெஷினிடம் பதவி, பட்டம் எதுவும் செல்லாது. தப்பாக மாட்டினால் சுவிட்சைப் போட்டதுமே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் தொழிலின் அமைப்பு வேறு. சின்னத் தவறு என்றால் உடம்பே சமாளித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சில நாள் கழித்துக் காய்ச்சலாகத் தலைகாட்டும், அதற்குள் வேறு பத்துக் காரணங்கள் சேர்ந்திருக்கும். குணமானால் கைராசி, ஆகாவிட்டால் நோய் முற்றிய நிலை. இப்படிப்பட்ட இடத்தில் யாரை உட்கார வைத்தாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றுதான் நிற்பார். ஒரு உடம்பைக் கீறித் திறக்கத் துணிச்சல் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

(எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பிளக் மாட்டாத மெஷினுக்காகக் கூப்பிட்ட நர்ஸைப் பற்றி ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் சிரிப்போம். அதற்கப்புறம் அவர் எங்களைக் கூப்பிடவே தயங்குவார். நிஜமான பழுது வந்தாலும் மெஷின் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.)

உங்கள் பக்கத்திலேயே நிற்கும் மயக்க மருந்து நிபுணர்களைப் பாருங்கள். 1978இல் ஜெஃப்ரி கூப்பர் என்ற அமெரிக்கப் பொறியாளர் அவர்களிடம் பேட்டி எடுத்து, தடுத்திருக்கக்கூடிய 359 சம்பவங்களைத் தொகுத்தார். அவற்றில் 82 விழுக்காடு மனிதத் தவறு, 14 விழுக்காடு மட்டுமே கருவிப் பழுது. மருத்துவரே அல்லாத ஒருவர் வந்து இப்படிச் சொன்னால் எத்தனை பேர் காதில் வாங்குவார்கள்? அவர்கள் வாங்கினார்கள். 1985இல் மயக்க மருந்துத் துறை நோயாளிகளின் பாதுகாப்புக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியபோது கூப்பரும் அதில் இருந்தார். அவர்களுடைய மெஷினில் ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிடத் துருத்திக்கொண்டு, விளிம்பில் வரிவரியாக இருக்கும். பார்க்காமல் கை வைத்தாலும் இது ஆக்சிஜன் என்று விரலுக்குத் தெரியும். 'அவசரத்தில் நானும் மாற்றித் திருப்பிவிடுவேன்' என்று ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் அப்படி ஒரு குமிழ் தேவைப்படும்.

இன்னொரு சம்பவம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டர் 2001இல், பெரிய ரத்தக் குழாயில் டியூப் போடும்போது கிருமி ஏறாமல் இருக்க ஒரு சின்னப் பட்டியல் போட்டார். கை கழுவு, தோலைக் கிருமிநாசினியால் துடை, நோயாளியை முழுக்க மூடு, இந்த மாதிரி. முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த சங்கதிகள்தான். கூடவே, ஒன்று விடுபட்டாலும் டாக்டரை நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இந்த வழிக்கு வந்தன. அங்கே இந்த வகைத் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்ததாக 2006இல் முடிவு வெளியானது. என்னைக் கேட்டால், பட்டியலுக்குப் பாதிப் பெருமைதான். மீதி, நிறுத்தச் சொன்ன நர்ஸின் பின்னால் நின்ற நிர்வாகத்துக்கு.

உங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொடுத்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் பார்த்த தியேட்டர்களில் நர்ஸ் ஒருவரே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடுவார், நீங்கள் அப்போது வெளியே கை கழுவிக்கொண்டிருப்பீர்கள். கேட்டால், "எல்லாரும் தெரிந்த முகம்தானே" என்பீர்கள். சரி, போன வாரம் சேர்ந்த பெண்ணின் பெயர் என்ன? ஒரு தடவை அந்த அறையில் தன் குரலைக் கேட்டவருக்கு, அடுத்த தடவை "சார், பிளேட் பெயர்ந்திருக்கு" என்று சொல்ல அவ்வளவு பயம் இருக்காது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பெயர் சொல்லும்போது உள்ளே வந்து நில்லுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். "ஏதாவது சரியில்லை என்று பட்டால் என்னை நிறுத்துங்கள்" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அப்படி நிறுத்தியவர் சொன்னது தவறாகவே இருக்கட்டும், "சரி, பார்த்தாச்சு, தொடரலாம்" என்பதோடு விட்டுவிடுங்கள். அந்த ஒரு நொடியில் நீங்கள் முறைத்தால், பட்டியலில் எத்தனை டிக் விழுந்தாலும் அந்த அறையில் அப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் ஒருவன்