ஓய்வுநாள் கட்டளை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களின் பணிச்சோர்வைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். மூச்சுப்பயிற்சி, நடைப்பயிற்சி, படுக்கையறைக்குள் கைப்பேசியைக் கொண்டுபோகாமல் இருப்பது என அதில் சொல்லப்பட்ட யோசனைகள் நல்லவைதான். ஆனால், ஏற்கெனவே களைத்துப்போனவர் தலையில் இன்னும் இரண்டு வேலைகளை ஏற்றிவைப்பதாகவே அவை எனக்குப் பட்டன. பெரம்பூரில் ஒரு திருச்சபையின் செயலாளராகச் சில ஆண்டுகள் இருந்தவன் நான். கிறிஸ்தவ சபைகளாகிய நாங்களும் இதே தவற்றைத்தான் செய்துவருகிறோம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் மகன் சோழிங்கநல்லூரில் இரவுப்பணி பார்க்கிறான். சனிக்கிழமை விடிந்த பிறகு வீடு வந்து சேர்பவன், மாலையில் பாடகர் குழுப் பயிற்சிக்கும், மறுநாள் காலை சிறுவர்களுக்கான ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூல்) பாடம் எடுக்கவும், அதை முடித்து ஆராதனைக்கும், பிற்பகலில் வாலிபர் ஐக்கியத்துக்கும் போகிறான். ஒரு ஞாயிறன்று பிரசங்கத்தின் நடுவே, மடியில் விரித்த பாட்டுப்புத்தகத்தின் மேல் தலை கவிழ்ந்து அப்படியே தூங்கிவிட்டான். ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர் ஒருவர் அவன் தோளில் தட்டி, "தம்பி, ஜெபம் குறைஞ்சா இப்படித்தான் அசதி வரும்" என்றார். அன்று அவரை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. நானே பலரிடம் அப்படிச் சொன்னவன்தானே!

அந்தப் பெரியவர் வேதாகமத்தில் வரும் எலியாவின் கதையை அறியாதவர் அல்லர். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து முடித்த தீர்க்கதரிசி, அடுத்த சில நாள்களிலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவை வேண்டுகிறார். அங்கே வந்த தூதன் அவருடைய விசுவாசத்தைச் சோதிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டியெழுப்பித் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் படுக்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். போகவேண்டிய தூரம் அதிகம் என்பதுதான் அவன் சொன்ன ஒரே காரணம். தேவன் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்.

வேதாகமத்தின் பத்துக் கட்டளைகளில், வாரத்தில் ஒரு நாள் வேலை செய்யாமல் ஓய்ந்திருக்கச் சொல்லும் ஓய்வுநாள் கட்டளையை நாங்கள் சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவருகிறோம். அது பிறரை வேலை வாங்குகிறவரைப் பார்த்துச் சொல்லப்பட்ட கட்டளை என்பதை நான் வெகுகாலம் கவனித்ததில்லை. உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மிருகஜீவன், உன் வாசலில் இருக்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராக அது பெயர் சொல்லிப் போகிறது. வேதாகமத்தின் உபாகமம் என்ற நூலில் அதற்குக் காரணமாகக் காட்டப்படுவது இஸ்ரவேலர் எகிப்தில் பட்ட அடிமைத்தனம். அந்த எகிப்தில் நடந்தது என்ன? மூன்று நாள் பயணம் போய்த் தங்கள் தேவனை ஆராதித்துவர அனுமதி கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசிய எகிப்திய மன்னன் பார்வோன், செங்கல் செய்வதற்கான வைக்கோலைத் தருவதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கில் மட்டும் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றான். ஆளைக் குறைத்துவிட்டு டார்கெட்டை அப்படியே வைத்திருக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இந்தச் சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த நாள்களில் எங்கள் சபையின் பிரசங்க பீடத்திலிருந்து அதைப் பற்றி ஒரு சொல்கூட எழவில்லை. அது அரசியல் என்று இருந்துவிட்டோம். ஓய்வுநாள் கட்டளை எங்கள் நினைவுக்கே வரவில்லை.

வெளியில் இருப்பவர்களைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. எங்கள் ஆலயத்தின் செக்ஸ்டன், அதாவது ஆலயப் பராமரிப்பாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் கதவைத் திறந்து, பெஞ்சுகளைத் துடைத்து, மணியடித்து, மாலை ஆராதனைக்குப் பிறகு கடைசி விளக்கை அணைத்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் திருமணம், அடக்க ஆராதனை, உபவாசக் கூட்டம் என்று ஏதேனும் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். நான் செயலாளராக இருந்தபோது ஒருநாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு மாதங்களில் அவருக்கு ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. அவர் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. அத்தனை வாரமும் அவர் திறந்துவைத்த ஆலயத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் அந்தக் கட்டளையை ஒப்புவித்துக்கொண்டிருந்தோம். குழுக் கூட்டத்தில் இதை எழுப்பியபோது, "அவர் செய்வது ஊழியமாயிற்றே" என்று ஒருவர் சொன்னார். ஊழியம் என்ற சொல்லை இப்படி எத்தனை பேர் தலையில் வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. நெடிய வாக்குவாதத்துக்குப் பின் செவ்வாய்க்கிழமையை அவருக்கு விடுமுறையாக்கினோம். அன்றைக்கு ஆலயத்தைத் திறக்கும் பொறுப்பைக் குழு உறுப்பினர்கள் முறைவைத்துப் பார்க்கிறோம். முதல் முறை என்னுடையது; சாவிக்கொத்தில் எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று தெரியாமல் கால்மணி நேரம் வாசலிலேயே நின்றேன்.

சென்னையிலுள்ள பிற சபைகளின் குழுக்களும் தங்கள் பதிவேடுகளை ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போதகர், செக்ஸ்டன், வாயிற்காவலர், ஆர்கன் வாசிப்பவர் ஆகியோருக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்பதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். இரவுப்பணி பார்க்கும் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை பொறுப்புகளிலிருந்து, அவர்கள் கேட்கும் முன்பே, விடுவிக்கலாம். என் மகன் இப்போது பாடகர் குழுவில் மட்டும் இருக்கிறான். ஓய்வுநாள் பள்ளி வகுப்பை நான் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.