ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு நன்றி

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஜெராக்ஸ் கடையில் எனக்குப் பின்னால் நின்ற அக்காவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்கத் தோன்றவில்லை.

ஆட்டிசம் உள்ள என் பையனோடு சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குக் கிளம்பும் ஏற்பாடு. பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் "ஆட்டிசம்னு எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். (பாலிசி விற்றால் சரி அவருக்கு.) அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே இருக்கிற பிரச்சினைன்னு ஒரு கட்டம் இருக்கு பாரும்மா, அதுல மறைக்காம எழுது. மறைச்சா நாளைக்கு க்ளைமைத் தள்ளிடுவாங்க" என்றார். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்றேன். அது வருஷத்துக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவுக்கு, பயணக் காப்பீடு ஆகாது என்று பொறுமையாக விளக்கினார்.

அப்புறம், பெங்களூரு விமான நிலையத்தில் சூரியகாந்திப் படம் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டையைக் கேட்டு வாங்கச் சொன்னார். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கான அடையாளம் அது. பையன் கழுத்தில் போடவிடவில்லை, கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். பாதுகாப்புச் சோதனையில் காதை மூடிக்கொண்டு நின்றவனை யாரும் அவசரப்படுத்தவில்லை.

அக்கா, உங்கள் பேனா என்னிடமே தங்கிவிட்டது. கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.