மார்க் போட்டீர்கள் சரி, பேப்பரை எப்போது காட்டுவீர்கள்?

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத் தொழிற்சாலைகளின் ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கு,

வணக்கம். இன்னும் சில வாரங்களில் அப்ரைசல் படிவங்கள், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டுப் படிவங்கள், ஷிஃப்ட் இன்சார்ஜ்களின் மேசைக்கு வந்துவிடும். அவற்றை நிரப்புகிறவர்களில் நானும் ஒருவன். சம்பளம் கூட்டிக் கேட்க இதை எழுதவில்லை. 1918-லேயே தொழிற்சங்கம் கண்ட வடசென்னை இது, அந்தக் கணக்கைச் சங்கத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். போடும் மார்க்கை, வாங்கிய ஆளிடம் காரணத்தோடு சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆள் எடுக்கும் விதம். வெல்டர் எடுப்பதில் நமக்கு வம்பே இல்லை. குழாயை 45 டிகிரி சாய்வில் பொருத்தி, திருப்பக்கூடாது என்று சொல்லி, 6ஜி டெஸ்ட் வைக்கிறோம். ரூட் என்கிற அடி வெல்டை ஓட்டி, கசடு தட்டி, கிரைண்டர் போட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கை ஓட்டுகிறார். ஆறியதும் துண்டு அறுத்து வளைத்துப் பார்க்கிறோம். விரிசல் விட்டதா இல்லையா, அவ்வளவுதான். வியாசர்பாடியா வேளச்சேரியா என்ற பேச்சே வராது.

அதே கேட்டில் ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று ஆரம்பிக்கிறோம். காசிமேட்டு விலாசத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்பவரின் முகம் மாறுவதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியலாளர்கள் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்று கணிப்பதில், வேலையையே செய்யச் சொல்லிப் பார்க்கும் சோதனை அதில் முன்வரிசையில் இருந்தது. எத்தனை வருட அனுபவம் என்பது ரொம்பவே பின்னால். பில்லையும் சரக்கையும் கையில் கொடுத்து, சரிபார்த்துப் பதியச் சொல்லுங்களேன். அரை மணி நேர வேலை.

டிரைனிங் பற்றி நீட்டப்போவதில்லை. ஸ்லைடு ஓட்டி, சமோசா கொடுத்து, கையெழுத்து வாங்கினால் ஆடிட்டர் திருப்தியாவார். கரண்ட்டை நிறுத்திப் பூட்டுப் போடும் வகுப்பு முடிந்த மறுவாரம், பேனலில் பூட்டு தொங்குகிறதா என்று போய்ப் பார்க்கிறோமா?

அப்ரைசலுக்கு வருகிறேன். வருடம் முழுக்க ஒழுங்காக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் போன பிப்ரவரியில் ஒரு ரேக் காலில் உரசிவிட்டார். மார்ச்சில் எல்லோருக்கும் அந்த உரசல் மட்டும்தான் ஞாபகம். நான் போட்ட நான்கு, பெல் கர்வுக்குள் (இத்தனை பேருக்குத்தான் அதிக மார்க், இத்தனை பேருக்குக் குறைந்த மார்க் என்ற பங்கீட்டுக்குள்) அடங்க வேண்டும் என்று மேலே போய் இரண்டாகித் திரும்பியது. இன்கிரிமென்ட் லெட்டர் வந்த பிறகுதான் அவருக்கே தெரியும். "சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார். சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆட்களை வரிசைப்படுத்தித் தரம் பிரிக்கும் இந்த முறையை மைக்ரோசாஃப்டே 2013-இல் கைவிட்டுவிட்டது. நாம்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அரசு ஊழியர்களுக்கு இதில் வழி பிறந்து வருடங்களாகின்றன. எல்லைச் சாலைப் பொறியாளர் தேவ் தத்துக்கு ஒரு வருட ரகசிய அறிக்கையில் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ 'மிக நன்று' வேண்டும். 'நன்று' ஒன்றும் கெட்ட குறிப்பில்லையே என்று நினைத்து, அதை அவரிடம் சொல்லவே இல்லை. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் கம்பெனியை அது கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் எங்கே குறைந்தது என்றே தெரியாதவர் எதைத் திருத்திக்கொள்வார், யாரிடம் முறையிடுவார்?

இந்த வருடமே செய்யக்கூடியவை இவை. மூன்றுக்குக் கீழே மார்க் போட்டால், தேதியோடு ஒரு சம்பவமாவது எழுத வேண்டும். மேலே யாராவது மார்க்கை மாற்றினால் அவரும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். தொழிலாளி தமிழில் பதில் எழுத ஒரு கட்டம் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச ஷிஃப்டிலேயே நேரம் கொடுங்கள். அதைப் புரொடக்‌ஷன் நஷ்டத்தில் எழுதாதீர்கள். கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்த்தால் சட்டச் சிக்கல் வரும் என்பீர்கள், அதைத் தனியாகப் பேசலாம்.

படிவம் அச்சுக்குப் போகும் முன் சொல்லி அனுப்புங்கள். என் ஷிஃப்டில் முதலில் ஓட்டிப் பார்க்க நான் தயார்.

இப்படிக்கு,
மணலியிலிருந்து ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜ்