கொரிய மொழி, சமையல் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி ஞாயிறு காலை மொழி வகுப்பும், மாதம் ஒருமுறை சமையல் கூடுகையும் நடந்தன. மே மாத வெயிலுக்கு மட்டும் விடுமுறை விட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

முதலில் மொழி. கொரிய மொழியின் ஹங்குல் எழுத்து யாரையும் மிரட்டவில்லை. சேஜோங் மன்னர் 1443-ல் உருவாக்கி 1446-ல் அறிவித்த எழுத்து அது. அடிப்படை மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து நிற்பது உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்குச் சட்டென்று பிடிபட்டது. வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழகிய சங்கதிதான். ஆங்கில வழிப் பாடநூல்கள் இதற்கே பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகின்றன. அவற்றை நாம் தாண்டிவிடலாம்.

தடுக்கியது ஒலியில். ககரத்தில் மூன்று வகை: சாதாரணமாக ஒன்று, ‘அக்கா’ என்பதுபோல் அழுத்தி ஒன்று, மூச்சைத் தள்ளி ஒன்று. மூன்றாவது இந்தி படித்தவர்களுக்கு எளிதாக வந்தது. மற்றவர்கள் வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து, அது ஆடுகிறதா என்று பார்த்துப் பழகினார்கள். எண்ணிலும் இரண்டு வரிசை. மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு வேறொன்று. மூன்றரை என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு மணி ஆகிவிடுகிறது என்று ஓர் அக்கா அலுத்துக்கொண்டார்.

மழைக்காலத்துக்குப் பிறகு வகுப்பில் கூட்டம் குறைந்தது. சமையல் நாளிலோ நிற்க இடமில்லை.

அதிகம் பேர் வந்தது கிம்ச்சிக்கு, அதாவது புளிக்கவைத்த கொரியக் காய்கறி ஊறுகாய்க்கு. சைனீஸ் கோஸைக் கல் உப்பில் ஊறவைத்து, அலசி வடித்து, அரிசிமாவுக் கஞ்சியில் கொச்சுகாரு என்ற கொரிய மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, மீன் சாஸ், முள்ளங்கி, வெங்காயத்தாள் எல்லாம் கலந்து இலை இலையாகத் தடவினோம். கொச்சுகாருவுக்குப் பதிலாக நம் குண்டு மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது. காஷ்மீரி மிளகாய் ஓரளவு ஈடுகொடுக்கும். கொரியாவில் குளிர்காலத்துக்கு முன் ஊரே கூடிக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கம் 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தக் குளிர் இங்கே ஏது? நம் வெக்கைக்கு ஒரே நாளில் புளித்துவிடுகிறது. உடனே ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். பாட்டிலைக் கழுத்துவரை அடைக்காதீர்கள் என்று சொல்லியும் கேட்காத ஒருவர் வீட்டில் வாயு சேர்ந்து மூடி தெறித்தது. முள்ளங்கியைச் சதுரமாக நறுக்கிப் போடும் கக்துகி செலவும் குறைவு, கெடுவதும் குறைவு. புதியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

நம்மில் பலர் சைவம். மீன் சாஸ் இல்லாமல் கிம்ச்சி உண்டா என்று கேட்டார்கள். உண்டு. கொரியப் புத்த மடங்களின் சமையலில் மீனும் இல்லை, பூண்டு வெங்காயமும் இல்லை. அந்த விலக்குப் பட்டியலில் பெருங்காயமும் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது நம் மாமிகள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்!

செப்டம்பர் 7 விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடித்த கையோடு, 17-ம் தேதி கொரிய அறுவடைத் திருநாளான சூசோக்குக்குச் சோங்பியோன் என்ற பலகாரம் செய்தோம். அரிசிமாவுக்குள் எள்ளும் இனிப்பும் வைத்துப் பிறைபோல் மடித்து, பைன் ஊசியிலை பரப்பி அவிக்க வேண்டும். நாங்கள் வாழையிலை பரப்பினோம். ஜனவரியில் கொரியப் புத்தாண்டான சொல்லாலுக்கு அரிசி கேக் துண்டுகள் போட்ட தொக்குக் சூப். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டும் கிம்பாப் மட்டும் சரிவரவில்லை. பொன்னி அரிசி ஒட்டாது, குட்டை அரிசி வாங்கத்தான் வேண்டும்.

அடுத்து, கொரிய மொழித்திறனைச் சோதிக்கும் டோபிக் தேர்வு. வேலைக்காகப் படிக்கும் பிள்ளைகள் முதல் தாளுக்குத் தயாராகிறார்கள். கேட்டல் 30, வாசித்தல் 40 கேள்விகள், 100 நிமிடம். 200-க்கு 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. பேச்சு அதில் கிடையாது. வாயே திறக்காமல் தேறிவிடலாம். கொரியத் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக் கற்றவர்கள் பேசுகிறார்கள், ஆனால் அவர்கள் வாயில் வருவது நண்பர்களுக்குள் புழங்கும் ‘வா, போ’ கொரியம். நமக்குக் கிம்ச்சி கற்றுத்தந்த கொரிய அம்மாவிடம் ஒரு தம்பி அப்படிப் பேச, அவர் சிரித்துவிட்டுத் திருத்தினார். ‘நறுக்கித் தாருங்கள்’, ‘உப்பு எடுத்துத் தாருங்கள்’ என்று அடுப்படியில் நூறு தடவை கேட்டு வாங்கும்போது மரியாதை வடிவம் தானாக நாக்கில் ஏறுகிறது. வகுப்பறையில் அது நடக்கவில்லை.

ஆகவே செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, மொழி வகுப்பில் மாதம் இரண்டைச் சமையல் கூடத்திலேயே, கொரியத்தில் மட்டும் பேசி நடத்துவது. செய்முறையை அவரவர் ஹங்குலில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு, பொது ஃபிரிட்ஜில் பூண்டு வாசம் தாங்கவில்லை என்று மற்றக் குழுவினர் சொல்வது நியாயமே. நமக்கென ஒரு சிறிய பழைய ஃபிரிட்ஜ் வாங்க நன்கொடை திரட்டுவது.

இடம் தந்த குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும் பாத்திரம் கழுவ நின்றவர்களுக்கும் நன்றி. தீர்மானங்களை உறுப்பினர்களின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்