ஒரு வண்டிக்கு ஒதுங்குகிறோம், அது போனதும் எங்களை விடுங்கள்

மதிப்புக்குரிய ரயில்வே அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரக்கோணம் – ஜோலார்பேட்டை பாதையில் பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர்களில் நானும் ஒருவன். எங்கள் வண்டியை ஏன் லூப் லைனில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும் பாதையில், போடுகிறீர்கள் என்பது எங்களுக்கும் தெரியும். பின்னால் வேகமான வண்டி வருகிறது, அதற்கு வழிவிட வேண்டும். இதை நாங்கள் 'கிராசிங்' என்போம். அதில் யாருக்கும் கோபம் இல்லை. விபத்து மீட்பு ரயில் போக வேண்டும் என்றால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நிற்போம்.

போன வாரம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஒரு எக்ஸ்பிரஸ் போனது, சிக்னல் விழவில்லை. இன்னொன்று போனது, அப்போதும் விழவில்லை. என் பெட்டியில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர். கம்பெனி கேட் மூடிவிட்டால் அவர்களுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. ஒருத்தர் சூப்பர்வைசருக்கு போன் போட்டு, "கிராசிங்ல நிக்குதுண்ணா, வந்துடுவேண்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனை வைத்ததும் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிளாட்பாரம் இல்லாத பக்கமாக இறங்கிவிட்டார். ரோடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அங்கே போனால் பஸ் கிடைக்கும். ஆனால் நடுவில் மெயின் லைன். ஹாரன் சத்தம் கேட்டதும் படியில் நின்றிருந்த பையன் அவர் கையைப் பிடித்து மேலே இழுத்தான். அடுத்த சில நொடிகளில் மூன்றாவது வண்டி போனது. மணிக்கு 130 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு கிலோமீட்டரை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். கருங்கல் ஜல்லியில் சேலையும் செருப்புமாக நடக்கிறவர் அதற்குள் எங்கே ஒதுங்குவார்?

இறங்கியது தப்புதான். ஆனால் அவரை இறங்க வைத்தது எது?

அதனால்தான் கேட்கிறோம்: ஒரு இடத்தில் ஒரு வண்டிக்கு எங்களை ஒதுக்குங்கள். அது போனதும் எங்களை விடுங்கள்.

இது லேசான காரியம் இல்லை என்பதும் தெரியும். பின்னால் வரும் வண்டிக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் சிக்னல்கூட விழக் கூடாது என்பதால் எங்களை முன்கூட்டியே லூப்பில் போட்டாக வேண்டும். லூப்புக்குள் நுழையும்போது வண்டி ஊர்ந்துதான் வரும். முன்னால் போன வண்டி போதிய தூரம் விலகிய பிறகுதான் எங்களுக்குச் சிக்னல் போட முடியும். அதற்குள் அடுத்த எக்ஸ்பிரஸ் நெருங்கிவிடும், சரி, அதையும் விட்டுவிடலாம் என்று கட்டுப்பாட்டு அறையில் முடிவாகிவிடும். வந்தே பாரத், சதாப்தி, கோவை எக்ஸ்பிரஸ் என்று காலையில் சென்னையிலிருந்து அடுத்தடுத்து வண்டிகள் கிளம்பும் பாதை இது. ஒவ்வொரு முறையும் அப்படியே முடிவெடுத்தால் எங்கள் முறை எப்போது வரும்? அடுத்த ஸ்டேஷனிலும் லூப் இருக்கிறதே. அதுவரையாவது எங்களை நகர்த்தலாமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதைக் கடைசி ஸ்டேஷனில் வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறீர்கள். அட்டவணையில் அதற்கு முன்னால் தாராளமாக நேரத்தைச் சேர்த்தும் வைத்திருக்கிறீர்கள். நடுவில் குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ முக்கால் மணி நேரம் தாமதமாக இறங்கியவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. வண்டி சரியான நேரத்துக்கு வந்ததாக உங்கள் ஏட்டில் பதிவாகிவிடும். அந்தப் பெண்ணின் அரை நாள் சம்பளம் எந்த ஏட்டில் பதிவாகும்?

2022 நவம்பரில் சென்னை – மைசூர் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபோது நாங்களும் பெருமைப்பட்டோம். தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் எங்கள் ஊர் வழியாகப் போகிறதே என்று படம் பிடித்தவர்களில் எங்கள் பெட்டிக்காரர்களும் உண்டு. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் என்று சொல்லி, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினீர்கள். 2024இல்தான் பழையபடி குறைத்தீர்கள். அந்த 30 ரூபாயைக் கொடுத்த காலத்திலும் இதே லூப் லைனில்தான் நின்றோம். எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கியபோதும் எங்களுக்கு எக்ஸ்பிரஸ் மரியாதை கிடைக்கவில்லை. கூடுதல் பெட்டி கேட்டோம், அதுவும் வரவில்லை. நிற்கிற வண்டியில் விளக்கும் மின்விசிறியும் ஓடுகிறதா என்று பார்க்கக்கூட ஆள் வருவதில்லை.

இதையெல்லாம் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு உங்களிடம் பணிவாகக் கேட்பது இதுதான். காலை வண்டியை ஒரு இடத்தில் ஒரு வண்டிக்கு மேல் காக்க வைக்காதீர்கள். தவிர்க்கவே முடியாமல் இரண்டாவது வண்டிக்கும் நிறுத்த வேண்டி வந்தால், எந்த வண்டிக்காக, சுமார் எவ்வளவு நேரம் என்று ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், அந்தப் பெண் சூப்பர்வைசரிடம் அதையாவது சொல்ல முடியும். மெயின் லைனில் வண்டி வருகிறது, அந்தப் பக்கம் இறங்காதீர்கள் என்றும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாசஞ்சர் ரயிலில் தினமும் வரும் ஒரு பயணி